பதிமூன்று பேரின் ஓய்வு

மாதம் பிறந்த முதல் நாள் காலையில், மற்றவர்கள் மேல்தளத்தைக் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில், சின்ன கேப்டன் ஒரு பெரிய கோப்பை டீயோடு சாப்பாட்டு அறையின் மூலை மேஜையில் உட்காருவார். முன்னால் பதிமூன்று தாள். ஒவ்வொரு தாளிலும் நாளுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நாற்பத்தெட்டுக் கட்டம், கட்டத்துக்கு அரை மணி நேரம். வேலை பார்த்த கட்டத்தில் கோடு போட வேண்டும். ஓய்வெடுத்த கட்டத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும். பதிமூன்று பேருக்கும் அவரே போட்டுவிடுவார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கடல் சட்டம் அப்படி. படகில் வேலை செய்கிறவர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வெடுத்திருக்க வேண்டும். எடுத்தாரா இல்லையா என்பதற்கு இந்தத் தாள்தான் சாட்சி. விருந்தாளிகள் தங்கியிருக்கும் வாரத்தில் பத்து மணி ஓய்வு என்பது குதிரைக் கொம்பு. உள்ளதை உள்ளபடி போட்டால் கேள்வி வரும். பத்து என்று கச்சிதமாகப் போட்டாலும் சந்தேகம் வரும். அதனால் சின்ன கேப்டன் தாராளமாகவே போடுவார். பதிமூன்று மணி, பதினாலு மணி, மனசு நன்றாக இருக்கிற நாளில் பதினைந்து. காசா பணமா, வெறும் கட்டம்தானே. பிறகு ஒவ்வொருவராக வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே அவரவர் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கடைசியாக கேப்டன் பதிமூன்றிலும் போடுவார். சின்ன கேப்டன் வேலை பார்த்த எல்லாப் படகிலும் இப்படித்தான். இதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. துணி மடித்து வைப்பது மாதிரி இதுவும் ஒரு வேலை.

படகு ஐம்பத்தைந்து மீட்டர் நீளம். முதலாளி வருஷத்தில் எட்டு வாரம் வருவார். மற்ற வாரங்களில் வாடகைக்கு எடுத்தவர்கள் வருவார்கள். பன்னிரண்டு பேர் தங்கலாம். வந்து ஏறியதும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, இவ்வளவு பெரிய படகை ஓட்ட எத்தனை பேர் வேண்டும் என்பது. சின்ன கேப்டன் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். "ஓட்ட ரெண்டு பேர் போதும் சார். நிறுத்தத்தான் பதிமூணு பேர் வேணும்." அவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

கேப்டனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் என்பதால் மட்டும் அவருக்குச் சின்ன கேப்டன் என்ற பெயர் வரவில்லை. கேப்டன் அவருடைய அக்கா புருஷன். மாமா தயவில் வந்தவர் என்று முதல் வருஷம் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். இப்போது பதினோரு வருஷம் ஆகிவிட்டது. பேசியவர்கள் எல்லாரும் வேறு படகுக்குப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. மற்றவர்கள் முன்னால் அவர் கேப்டனை "சார்" என்றுதான் கூப்பிடுவார். ஓட்டும் அறையில் கதவைச் சாத்திய பிறகுதான் "மாமா".

சீசன் முடிந்து படகு துறையில் கட்டிக் கிடந்த ஒரு திங்கட்கிழமை, முதலாளியின் மேனேஜர் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மரத் தளத்தில் செருப்புப் போடக் கூடாது என்பதால் இரண்டு பேரும் வாசலில் கழற்றினார்கள். மேனேஜரின் காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதை மறைக்க அவர் ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டே நின்று பேசினார். விஷயம் இதுதான். முதலாளிக்கு ஒரு நீராவிக் குளியல் அறை வேண்டும். கீழ்த்தளத்தில், விருந்தாளிகளின் அறைகளை ஒட்டி, வேலைக்காரர்களின் அறை இரண்டு இருக்கிறது. அதை உடைத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

தச்சர் டேப்பை நீட்டி அளக்க ஆரம்பித்தார். அந்த இரண்டு அறையில் ஒன்று டீச்சருடையது. விருந்தாளிகளின் அறை, படுக்கை, பரிமாறுவது எல்லாவற்றுக்கும் மேற்பார்வை அவர்தான். முன்னொரு காலத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவர், அதனால் அந்தப் பெயர். பேச்சில் பிரம்பு இன்னும் இருக்கிறது.

"என்னையும் அளந்துக்கங்க," என்றார் தச்சரிடம். "அப்படியே எனக்கு ஒரு பெட்டியும் செஞ்சுடுங்க. ரெண்டு தடவ வர வேண்டாம்."

தச்சர் பாவம், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில் கூடினார்கள். மேனேஜர், கேப்டன், சின்ன கேப்டன், டீச்சர், எஞ்சின் அறையைப் பார்க்கும் சீஃப். மேனேஜர் நல்ல மனிதர்தான். குரலை உயர்த்திப் பேச மாட்டார். "ரெண்டு ரூம் போனா நாலு படுக்கை போகும். அப்ப ஒன்பது பேர் வெச்சு ஓட்டற மாதிரி பாத்துக்கணும்," என்றார்.

"ஒன்பது பேரா?" சீஃப் காதைத் துடைத்துக்கொண்டார். எஞ்சின் சத்தத்தில் பாதிக் காது போனவர். போனது எந்தப் பாதி என்பது கேள்வியைப் பொறுத்து மாறும். "அப்ப கேப்டன் சார் சமையல், நான் கக்கூஸ் கழுவறேன். அப்படித்தானே?"

"படகோட லைசென்ஸ்ல ஆறு பேர் போதும்னுதானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

"அது வெறும் படகை ஒரு துறையிலேர்ந்து இன்னொரு துறைக்குக் கொண்டு போக சார்," என்றார் கேப்டன். "பன்னிரண்டு பேருக்குப் படுக்கை விரிக்க இல்ல. மூணு வேளை சமைக்க இல்ல. உப்பு படிஞ்ச கண்ணாடியத் தினமும் தொடைக்க இல்ல."

"புரியுது சார். நான் வாய்க்கு வந்தத சொல்லல." மேனேஜர் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். சின்ன கேப்டனுக்கு அட்டையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. அவருடைய தாள்கள். மாதம் தவறாமல் ஆபீசுக்கு அனுப்பியவை. யாரோ உட்கார்ந்து கூட்டி, வர்ணம் தீட்டி வைத்திருந்தார்கள். "போன சீசன் பூரா பாத்தேன். சராசரியா ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ரெஸ்ட். அதாவது பத்து மணி நேரம்தான் வேலை. சட்டப்படி பதினாலு மணி நேரம் வரைக்கும் வேலை செய்யலாம். ஆளுக்கு நாலு மணி நேரம் மிச்சம். பதிமூணு பேருக்கு அம்பத்திரெண்டு மணி நேரம். பதினாலால வகுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட நாலு ஆள் வேலையே இல்லாம இருக்காங்க."

டீச்சர் மேஜையில் இல்லாத தூசியை விரலால் துடைத்தார். சீஃப் இரண்டு காதும் போனவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூடச் சின்ன கேப்டன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"படகுல அறுபது பேருக்கு விருந்து நடந்துச்சே, அன்னிக்குக்கூட லாண்டரி அம்மா பதினஞ்சு மணி நேரம் ரெஸ்ட் எடுத்திருக்காங்க," என்றார் மேனேஜர், உண்மையான மரியாதையோடு. "ஆளுங்கள நல்லா வெச்சிருக்கீங்க சார். வியாழக்கிழமை வரேன். எந்த நாலு பேர்னு அதுக்குள்ள சொல்லிடுங்க." கடைசி வாக்கியத்தை அவர் சின்ன கேப்டனைப் பார்த்துச் சொன்னார். "யார் எவ்வளவு வேலை செய்யறாங்கன்னு உங்களுக்குத்தான் அத்துபடி."

மேனேஜர் போனதும் கேப்டன் மேலே ஏறினார். சின்ன கேப்டன் பின்னால் போய் ஓட்டும் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஏன்டா, பதினொண்ணு போட்டிருக்கக் கூடாது?" என்றார் கேப்டன். "தர்மப் பிரபு. அள்ளி அள்ளிக் குடுத்திருக்க."

"கம்மியா போட்டா கேள்வி கேப்பாங்கன்னு நெனச்சேன் மாமா."

"இப்ப அதிகமா போட்டதுக்குக் கேட்டுட்டான்."

இருவரும் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்கள். முன்தளத்தில் தளவேலைக்காரர் ஒருவர் மண்டியிட்டு, நங்கூரச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காலையிலும் அங்கேதான் இருந்தார்.

"நாலு பேர் எழுதிக் குடு," என்றார் கேப்டன். "வேற வழி இல்ல. தாள் பொய்னு சொன்னா எழுதின கை உன்னோடது, கீழ கையெழுத்து என்னோடது. ரெண்டு பேர் லைசென்ஸும் போகும். உனக்கு நாப்பத்தாறு, வேற ஏதாவது செஞ்சு பொழச்சுக்கலாம். எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான்டா. அத ஓட்டிட்டா வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஒன்பது பேரை வெச்சு ஓட்ட முடியுமா மாமா?"

கேப்டன் நாற்பது வருஷம் கடலில் இருந்தவர். அந்தக் கேள்விக்கு அவரால் பொய் சொல்ல முடியாது, உண்மையும் அவருக்கு இப்போது வேண்டாம். "கடல் ஒழுங்கா இருந்தா ஓட்டலாம்," என்றார்.

செவ்வாய்க்கிழமை சின்ன கேப்டன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய மேஜைக்குப் போனார். ஆளைக் கழிப்பதற்கு முன்னால், ஒன்பது பேரை வைத்து ஒரு தீ அணைக்கும் பட்டியல் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தார். மணி அடித்தால் யார் எங்கே ஓட வேண்டும் என்கிற பட்டியல் அது. புகைக்குள் போக இரண்டு பேர், தனியாக ஒருவரை அனுப்பக் கூடாது. அவர்களுக்கு வெளியிலிருந்து குழாய் நீட்ட ஒருவர். பம்பு, எண்ணெய்க் குழாயை அடைப்பது, காற்றுத் துளைகளை மூடுவது, இதற்கு ஒருவர். சுக்கானில் ஒருவர், ரேடியோவில் ஒருவர். உயிர்காப்புப் படகை இறக்க இரண்டு பேர். விருந்தாளிகள் பன்னிரண்டு பேரையும் அறை அறையாகத் தேடித் தலை எண்ணிக் கூட்டி வர இரண்டு பேர். குளியல் அறையில் இருப்பவர், குடித்துவிட்டுத் தூங்குபவர், சாமானை எடுக்காமல் வர மாட்டேன் என்பவர் எல்லாரும் அதில் அடக்கம்.

எழுதி முடித்து எண்ணிப் பார்த்தார். பத்து. ஆள் ஒன்பது. சீஃபின் பெயரை இரண்டு இடத்தில் போட்டார். அப்போதும் ஒருவர் சமையலறையில் கையைச் சுட்டுக்கொண்டாலோ, படியில் விழுந்தாலோ, மாற்று ஆள் கிடையாது.

சீஃப் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "பம்புலயும் நான், உயிர்காப்புப் படகுலயும் நானா? நல்லது. நெருப்புக்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சுடுங்க. அண்ணன் ஒரு வேலையா இருக்காரு, அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்கன்னு."

"உங்களுக்குக் காது கேக்காதுன்னாங்களே."

"இந்த மாதிரி விஷயம் கண்ணுலயே கேட்டுரும்."

பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சின்ன கேப்டன் கீழே போனார். படகின் மூக்குப் பக்கம், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு அறை. இரண்டு துவைக்கும் இயந்திரம், ஒரு உலர்த்தி, இஸ்திரிப் பலகை. அங்கே லாண்டரி அம்மா தலையணை உறைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது. புருஷன் இல்லை. ஒரு மகள் நர்சுக்குப் படிக்கிறாள். நாலு பேரில் முதல் ஆள் யார் என்று யாரிடம் கேட்டாலும் இந்த அறையைத்தான் காட்டுவார்கள். அது அவருக்கும் தெரியும்.

"வாங்க தம்பி. சொல்ல வந்தத சொல்லிடுங்க. கை பாட்டுக்கு வேலை செய்யும்."

"இன்னும் எதுவும் முடிவு பண்ணலம்மா."

"படகு ஓட்டறதுக்கும் தலையணை உறைக்கும் என்ன சம்பந்தம். நான் மேனேஜரா இருந்தாலும் அததான் கேப்பேன்." உறையின் ஓரத்தை உள்ளங்கையால் நீவினார். "அந்த விருந்து அன்னிக்கு நான் பதினஞ்சு மணி நேரம் ரெஸ்ட் எடுத்தேனாமே. டீச்சர் சொன்னாங்க. எனக்கே தெரியாம எடுத்திருக்கேன் பாருங்க."

சின்ன கேப்டன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அன்னிக்கு நெஜமா எப்ப படுத்தீங்க?"

"எங்க படுத்தேன்? மேஜைத்துணியே எழுபது. கை தொடைக்கிற துணி எரநூத்துக்கு மேல. எல்லாத்துலயும் ஒயின் கறை. அத ஊறவெச்சு எடுக்கறதுக்குள்ள காலைல படுக்கை விரிப்பு வந்துடுச்சு. மறுநாள் மத்தியானம் இந்த மூட்டை மேல சாஞ்சு ஒரு மணி நேரம் கண்ணசந்தேன்."

"அப்பறம் ஏன்மா அந்தத் தாள்ல கையெழுத்து போட்டீங்க?"

லாண்டரி அம்மா நிமிர்ந்து பார்த்தார். கேள்வியே விசித்திரமாகப் பட்டது அவருக்கு. "நீங்க நீட்டினீங்க, போட்டேன். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு."

இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. அவர் திரும்பிக் கதவைத் திறந்து ஈரத் துணியை வாரி உலர்த்தியில் போட ஆரம்பித்தார். சின்ன கேப்டன் வெளியே வந்தார்.

அன்று மாலை அக்கா ஃபோன் செய்தாள். அவர் துறையில் இறங்கி, கம்பத்தில் சாய்ந்து நின்று பேசினார்.

"உங்க மாமா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரு," என்றாள். "நீ ஏதாவது வீரம் காட்டப் போறியோன்னு பயமா இருக்கு."

"வீரம் ஒண்ணும் இல்லக்கா. நாலு பேரை அனுப்பச் சொல்றாங்க."

"நாலு பேர் வேற படகுல வேலை தேடிக்குவாங்க. ஆள் கெடைக்காம எத்தனை படகு நிக்குது. உங்க மாமாவுக்கு இந்த வயசுல லைசென்ஸ் போனா யார் என்ன தருவா? நாப்பது வருஷம்டா. நான் கல்யாணமான நாள்லேர்ந்து அவரு எப்ப வருவாருன்னு நாள்காட்டியப் பாத்துட்டே இருக்கேன். கடைசியில பேரக் கெடுத்துக்கிட்டு வரணுமா?"

"தாள் பொய்க்கா. நான்தான் எழுதினேன்."

"எல்லாரும்தான எழுதறாங்க."

"எல்லாரும்தான் எழுதறாங்க," என்று அவரும் சொன்னார். அக்கா சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அக்கா தன் பக்கத்திலிருந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். அவருக்குப் படிக்கக் காசு கட்டியது மாமா. முதல் படகில் கூட்டி வந்து கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்ததும் மாமா. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் இன்றைக்கும் மாமா தலையாட்டினால்தான் காரியம் நகரும். தான் ஒரு உண்மையைச் சொல்ல, அதற்கான விலையில் பாதியை மாமா கொடுக்க வேண்டுமா? அதே நேரம், ஒன்பது பேரோடு படகு கிளம்பினால் அந்த விலையை யார் கொடுப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டைப்பையில் இருந்த பட்டியலில் சீஃபின் பெயர் இரண்டு தடவை இருந்தது.

புதன்கிழமை காலையில் சாப்பாட்டு அறையின் மூலை மேஜையில் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் தேதி இல்லை என்பதால் சமையல்காரர் புருவத்தை உயர்த்திவிட்டுப் போனார். அறுபது பேர் விருந்து நடந்த அந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டார். எஞ்சின் அறைப் புத்தகம், ஓட்டும் அறைப் புத்தகம், யார் எப்போது கரையில் இறங்கினார் ஏறினார் என்று வாசலில் எழுதும் புத்தகம், மூன்றையும் பக்கத்தில் விரித்து வைத்தார். புத்தகத்தில் இல்லாததற்கு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார். டீச்சரைக் கேட்டபோது, "கடைசி விருந்தாளி எப்ப படுத்தாரோ அதுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு நான். மொத விருந்தாளி எப்ப எழுந்தாரோ அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நான். நடுவுல எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கங்க, உங்களுக்குத்தான் கணக்கு நல்லா வருமே," என்றார். சின்ன கேப்டன் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பன்னிரண்டு தாளை எழுதி முடிக்க மாலை நாலு மணி ஆனது. சமையல்காரருக்கு ஆறு மணி நேரம். டீச்சருக்கு ஐந்தரை. லாண்டரி அம்மாவுக்கு ஒரு நாளில் ஒன்று, மற்ற நாளில் ஆறு. ஐந்தாம் நாள் மாலை, விருந்தாளிகளை இறக்கிவிட்டுத் திரும்பிய சிறிய படகை, தளவேலைக்காரர்களுக்குப் பொறுப்பான தளத்தலைவர் பெரிய படகின் பின்பக்கத்தில் கொண்டுபோய் இடித்திருந்தார். அலை தூக்கி அடித்தது என்று அப்போது புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். அன்றைக்குக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருந்தது. தளத்தலைவர் அதற்கு முந்தைய இரண்டு நாளில் மொத்தமே ஒன்பது மணி நேரம் ஓய்வெடுத்திருக்கிறார் என்பது தாளில் எழுதிய பிறகுதான் தெரிந்தது. கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறார் மனிதர். பின்பக்கப் படிக்கட்டில் யாராவது நின்றிருந்தால் கால் போயிருக்கும். இதெல்லாம் நடந்தபோது சின்ன கேப்டனும் அங்கேதான் இருந்தார். ஆனால் கட்டம் கட்டமாகப் பார்த்தபோதுதான் உள்ளே உறைத்தது.

பதிமூன்றாவது தாள் கேப்டனுடையது. அதை மட்டும் பழைய தாளைப் பார்த்து அப்படியே எழுதினார்.

வியாழக்கிழமை காலை ஓட்டும் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, தாள்களை மாமாவின் முன்னால் வைத்தார்.

"இத மேனேஜர்கிட்ட குடுக்கப் போறேன் மாமா. பழைய தாள் எல்லாம் நான் எழுதினது, நீங்க என்னை நம்பிக் கையெழுத்து போட்டீங்கன்னு சொல்லிடறேன். இதுல நீங்க போட வேண்டாம். நான் மட்டும் போட்டிருக்கேன்."

கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். தளத்தலைவரின் தாளில் கொஞ்சம் நின்றார். லாண்டரி அம்மாவின் தாளில் இன்னும் கொஞ்சம். கடைசியாகத் தன்னுடையதை எடுத்தார்.

"மூணாம் நாள் ராத்திரி நான் பதினோரு மணிலேர்ந்து காலைல ஏழு வரைக்கும் தூங்கினேன்னு போட்டிருக்க."

"ஆமா மாமா."

"அன்னிக்குத்தான காத்து மாறி நங்கூரம் இழுத்துச்சு. விடியற வரைக்கும் நீயும் நானும் இங்கதான நின்னோம்."

கேப்டன் மச்சானுடைய தாளை எடுத்துத் தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன் தாள்ல நீ நிக்கற. என் தாள்ல நான் தூங்கறேன். அப்ப உன்கூட நின்னது யாருடா?"

"அக்கா சொன்னாங்க..."

"அக்காவுக்கு நான் சொல்லிக்கறேன். எனக்குத் தெரியாம நீ எழுதினன்னு சொன்னா எவன் நம்புவான்? நம்பினாலும் அது எனக்கு அசிங்கம். படகுல என்ன நடக்குதுன்னே தெரியாத கேப்டனா நான்?" அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார், இல்லை. மச்சான் நீட்டியதை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் வரிசையிலும் நாலாம் நாள் வரிசையிலுமாக, ராத்திரி பதினோரு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும், பதினாறு கட்டத்திலும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். மற்ற நாட்களையும் திருத்தினார். பிறகு பதிமூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். இந்த முறை காலுறை புதியது. தாள்களைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. முதலில் புரியாமல், பிறகு புரிந்து, பிறகு புரியாமலே இருந்திருக்கலாமே என்கிற மாதிரி.

"இத நான் பாக்கலன்னு வெச்சுக்கலாமா சார்?"

"பாத்துட்டீங்களே," என்றார் கேப்டன்.

"அப்ப இத்தனை வருஷம் எங்களுக்கு அனுப்பினது?"

"நான் எழுதினது சார். எல்லாமே," என்றார் சின்ன கேப்டன்.

"நான் பாத்து, தெரிஞ்சு கையெழுத்து போட்டது," என்றார் கேப்டன்.

மேனேஜர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அதை வெச்சு நான் முதலாளிகிட்ட பேசிட்டேன். படம் வரைஞ்சு காமிச்சேன். இப்ப போய் எல்லாம் பொய்னு சொன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" பிறகு குரல் தானாகவே இறங்கியது. "ஒரு தடவ கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்களா?"

சின்ன கேப்டன் யோசித்துப் பார்த்தார். "இல்ல சார். சொல்லியிருக்க மாட்டேன்."

அதைக் கேட்டதும் மேனேஜர் தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

பதினோரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. நீராவி அறையை மேல்தளத்தில், வெயில் காயும் நாற்காலிகள் இருக்கும் இடத்தில் கட்டிக்கொள்வதாக முடிவாகியிருந்தது. கீழ்த்தள அறைகளில் கை வைக்கப் போவதில்லை. ஆள் பதிமூன்று. கேப்டனுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, பதவி நீடிக்கிறது. சின்ன கேப்டன் இந்த மாதக் கடைசியோடு படகைவிட்டு இறங்க வேண்டும். லைசென்ஸ் விஷயத்தை உரிய அலுவலகம் விசாரித்துத் தனியாகத் தெரிவிக்கும்.

கேப்டன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "நானும் வந்துடறேன்டா," என்றார்.

"நீங்க வந்துட்டா புது ஆளுக்கு யார் சொல்றது? ஒன்றரை வருஷம் இருங்க மாமா. இந்தத் தாள ஒழுங்கா எழுத வைங்க."

அக்கா ஒரு வாரம் ஃபோன் செய்யவில்லை. பிறகு செய்தாள். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. எந்த வண்டியில் வருகிறாய், எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்டாள். "விசாரணைன்னா என்ன கேப்பாங்க?" என்று மட்டும் கடைசியில் கேட்டாள். தெரியாது என்றார். அது உண்மை.

மாதத்தின் கடைசி நாள் காலை, சாப்பாட்டு அறையில் பதிமூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில். தேர்வு அறை மாதிரி இருக்கிறது, யாரும் காப்பி அடிக்கக் கூடாது என்றார் டீச்சர். மாத ஆரம்பத்தில் சீசனின் கடைசி விருந்தாளிகள் இருந்த நாட்களை எழுத ஆரம்பித்ததும் சண்டை வந்தது. விருந்தாளி எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் வேலையா ஓய்வா என்று சமையல்காரர் கேட்டார். உட்கார்ந்திருந்தால் ஓய்வுதான் என்றார் தளத்தலைவர்.

"அப்ப சுக்கான் முன்னாடி கேப்டன் சாரும் உக்காந்துதான் இருக்காரு," என்றார் சீஃப். "மொத்தக் கட்டத்தையும் காலியா விட்டுடலாமா சார்?"

"உனக்குத்தான் காது கேக்காதே, எழுது," என்றார் கேப்டன்.

லாண்டரி அம்மா ஒரு வரிசையில் விரல் வைத்துக்கொண்டு சின்ன கேப்டனைக் கூப்பிட்டார். "தம்பி, படுத்துட்டேன், ஆனா இயந்திரம் எப்ப நிக்கும்னு காது குடுத்துக்கிட்டே இருந்தேன். அத என்னன்னு போடறது?"

பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியைச் சின்ன கேப்டன் தன்னிடம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. சட்டப் புத்தகத்தில் எங்காவது எழுதியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

"நீங்க என்னன்னு நெனக்கறீங்கம்மா?"

லாண்டரி அம்மா பென்சிலை இறுக்கிப் பிடித்து, இரண்டு கட்டத்தில் அழுத்தமாகக் கோடு போட்டார்.